மன்னார்குடி வீடு விற்பனை: 35 லட்சத்தைக் கையில் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

ஈசூன் வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மன்னார்குடியில் அப்பா 1986இல் வாங்கிய இடம் ஒன்று இருக்கிறது. ஒன்பது சென்ட். முன்பக்கம் ஓட்டு வீடு, பின்னால் தென்னை. அப்பா, அம்மா இருவரும் இப்போது இல்லை. உயில் எழுதவில்லை. வாரிசு நானும் தங்கையும்தான். அவள் திருச்சியில் இருக்கிறாள். நான் இங்கே சிங்கப்பூரில் பிஆர், அதாவது நிரந்தரவாசி; இந்தியப் பாஸ்போர்ட். வீடு பூட்டிக் கிடந்து ஓடு சரிய ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேருக்குமே அங்கே திரும்பிப் போய் இருக்கும் எண்ணம் இல்லை, அதனால் விற்கிறோம்.

வாங்க வந்திருப்பவர் உள்ளூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். விலை 80 லட்சம் என்று பேசி முடித்தாயிற்று. அந்த இடத்துக்குப் பத்திரப் பதிவுக்காக அரசாங்கம் வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 45 லட்சம் வருகிறது. "பத்திரத்தில் 45 போட்டுக்கொள்வோம். மீதி 35ஐ ரொக்கமாகத் தந்துவிடுகிறேன். உங்களுக்கும் வரி மிச்சம், எனக்கும் பத்திரச் செலவு மிச்சம்" என்கிறார். முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றால் 74க்கு மேல் தர முடியாதாம். புரோக்கரும் அவர் பக்கம்தான். மச்சான், அதாவது தங்கை வீட்டுக்காரர், "ஊரே இப்படித்தான் செய்கிறது, நீங்கள் மட்டும் என்ன சிங்கப்பூர் சட்டம் பேசுகிறீர்கள்" என்று சிரிக்கிறார்.

என் பங்குப் பணத்தை இங்கே கொண்டுவந்து வீட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைக்க நினைத்திருக்கிறேன். ரொக்கமாக வாங்கினால் அது முடியுமா? இன்னொரு கேள்வியும் உண்டு. ஐந்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்றார்கள். ஜிஎஸ்டி வந்தது, வீடு கட்டி விற்பவர்களுக்கான ரேரா சட்டம் வந்தது, ஆதாரையும் பான் எண்ணையும் இணை என்றார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வீடு விற்கப் போனால் "கறுப்பு எவ்வளவு, வெள்ளை எவ்வளவு" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. அப்படியென்றால் இத்தனையும் எதற்கு?

---

புங்கோல் பறவை:

ப்ரோ, ரொம்ப யோசிக்காதீங்க. 80ஐ விட்டு 74க்குப் போறது நஷ்டம். ரொக்கத்தை ஊரிலேயே தங்கச்சி பேரில் ஒரு மனையாகப் போட்டுடுங்க. நாலு வருஷத்தில் டபுள் ஆகும். இங்கே பணம் வேணும்னா உண்டியல்காரர் இருக்கவே இருக்கார். அங்கே கொடுத்தால் இங்கே மறுநாள் கையில் வரும். எங்க சொந்தக்காரங்க எல்லாம் அப்படித்தான்.

---

பழைய காசாளர்:

ஈசூன் தம்பி, மேலே சொன்ன இரண்டு யோசனையையும் தயவு செய்து கேட்க வேண்டாம். நான் வங்கியில் பணம் அனுப்பும் பிரிவில் உட்கார்ந்து தலை நரைத்தவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த மாதிரிப் பணத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில். ரொக்கமாக வாங்கும் பணம் சிங்கப்பூருக்கு வராது. ஊரில் ஒரு சொத்தை விற்ற பணம் வெளியே வரவேண்டுமென்றால் அது உங்கள் என்ஆர்ஓ கணக்கில், அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கில், விழ வேண்டும். அங்கிருந்து ஒரு நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். உங்கள் தொகைக்கு அது தாராளம். ஆனால் அனுப்பும்போது வங்கி கிரயப் பத்திரத்தைக் கேட்கும், வாரிசுச் சான்றிதழைக் கேட்கும், வரி கட்டியாகிவிட்டது என்று ஆடிட்டர் கொடுக்கும் 15சிபி சான்றிதழைக் கேட்கும். பத்திரத்தில் உங்கள் பங்கு 22.5 லட்சம் என்று இருந்தால் அந்த 22.5 லட்சத்துக்குத்தான் வழி. மீதி 17.5 லட்சத்துக்குக் காகிதமே கிடையாது. இங்கே 2023இல் அந்த மூன்று பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கறுப்புப் பண வழக்கு வந்ததிலிருந்து சிங்கப்பூர் வங்கிகளும் "எங்கிருந்து வந்தது" என்று துருவித் துருவிக் கேட்கின்றன. உண்டியலில் வந்த பணத்தைக் காட்டி எந்த வங்கியில் கடன் அடைக்கப் போகிறீர்கள்?

பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்று யாராவது சொன்னால், இந்தியாவிலிருந்து ஒரு ஆள் வெளியே கொண்டுபோக அனுமதி உள்ள இந்திய ரூபாய் 25,000தான்.

அப்புறம், தங்கை பேரில் மனை வாங்கிப் போடுவது. பணம் உங்களுடையது, பெயர் வேறொருவருடையது என்றால் அது பினாமி. 1988இல் சட்டம் வந்தபோது அது அலமாரியில்தான் தூங்கியது. 2016இல் திருத்திய பிறகு சொத்தையே பறிமுதல் செய்யலாம், ஏழு வருஷம் வரை சிறை. தங்கைக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்றை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். 2015 ஜூன் 1லிருந்து, வீடு நிலம் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம். இதில் கவனிக்க வேண்டியது, அபராதம் பணத்தைக் கையில் வாங்கியவருக்கு. அதாவது விற்பவருக்கு. ஹார்டுவேர் கடைக்காரர் வீட்டில் ஏதோ ஒரு சோதனையில் ஒரு டைரி கிடைத்து, அதில் உங்கள் பெயருக்கு நேராக 35 என்று எழுதியிருந்தால், அவர் ஒரு பக்கம் பதில் சொல்லட்டும், உங்களுக்கும் தங்கைக்கும் தனியாக நோட்டீஸ் வரும். நீங்கள் ஈசூனில் இருப்பீர்கள். திருச்சியில் இருக்கிற தங்கைதான் ஓட வேண்டும்.

சரி, இப்போது அவர் சொல்லும் 74ஐப் பார்ப்போம். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. தமிழ்நாட்டில் வாங்குபவர் கட்டுவது முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 9. 35 லட்சத்தைக் கூடுதலாகப் பத்திரத்தில் காட்டினால் அவருக்கு ஆகும் அதிகச் செலவு 3 லட்சத்து 15 ஆயிரம். அவர் குறைக்கச் சொல்வது 6 லட்சம். மீதி 2 லட்சத்து 85 ஆயிரம் எதற்கு? கடையில் பில் போடாமல் விற்றுச் சேர்த்த பணத்தைக் கணக்கில் கொண்டுவர அவருக்கு ஆகும் சங்கடத்துக்கு. அந்தச் செலவை நீங்கள் ஏன் ஏற்க வேண்டும்? உங்களுக்கு வரி மிச்சம் என்பதெல்லாம் மேல்பூச்சு. அவர் கல்லாவில் தூங்கும் பணத்தை இறக்கி வைக்க ஒரு இடம் தேடுகிறார், அவ்வளவுதான். இந்தக் கணக்கை அப்படியே அவரிடம் சொல்லிப் பாருங்கள். வியாபாரிக்குக் கணக்குப் புரியும்.

அவருக்கே லாபமான ஒன்றையும் சொல்லுங்கள். பத்திரத்தில் 45 என்றால் வங்கிக் கடனும் அந்த 45ஐ வைத்துத்தான். நாளைக்கு அவர் அதை ஒரு கோடிக்கு விற்றால், வாங்கிய விலை 45 என்று வைத்துத்தான் ஆதாயம் கணக்கிடுவார்கள். இன்று மிச்சம் பிடித்த வரியை அன்று அவரே கட்டுவார்.

இத்தனையும் எதற்கு என்று கேட்டீர்கள். என் அபிப்பிராயம் இது. மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

2016 நவம்பர் 8 ராத்திரி அறிவிப்பு வந்தபோது புழக்கத்தில் இருந்த பணத்தில் மதிப்புப்படி 86 சதவீதம் செல்லாமல் போனது. மறுநாள் சிராங்கூன் சாலை பணமாற்றுக் கடைகளில் ஐந்நூறு ரூபாய்த் தாளைத் தொடவே ஆள் இல்லை. கறுப்புப் பணம் வைத்திருப்பவன் கங்கையில் போட்டுவிடுவான் என்றார்கள். கடைசியில் ரிசர்வ் வங்கி எண்ணிப் பார்த்ததில் 99.3 சதவீதம் திரும்பி வந்திருந்தது. கறுப்பு வைத்திருந்தவன் யாரையோ பிடித்து மாற்றிவிட்டான். கூலிக்காரன்தான் வரிசையில் நின்றான். அதை நான் சீர்திருத்தம் என்று சொல்ல மாட்டேன்.

உண்மையில் வேலை செய்வது சத்தமில்லாமல் வந்தவை. 30 லட்சமும் அதற்கு மேலும் போகும் ஒவ்வொரு பத்திரத்தையும் சார்பதிவாளர் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கிறார். 2021 முடிவில் வந்த ஏஐஎஸ் என்ற வருடாந்தரத் தகவல் அறிக்கையில் உங்கள் பான் எண்ணைப் போட்டால் நீங்கள் விற்றது, வாங்கியது, வட்டி, பங்கு எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். இந்தியாவும் சிங்கப்பூரும் வங்கிக் கணக்கு விவரங்களைத் தானாகவே பரிமாறிக்கொள்ளத் தொடங்கியும் வருஷங்கள் ஆயிற்று. ஜிஎஸ்டியில் மொத்த வியாபாரி போட்ட பில் சில்லறை வியாபாரியின் கணக்கில் தானாக ஏறுகிறது. முன்பு 35 லட்சம் ரொக்கம் சேர்க்க ஒரு கடைக்காரருக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கும் என்றால் இப்போது அதைவிடக் கஷ்டம். சேர்த்ததைச் செலவழிப்பது இன்னும் கஷ்டம். அதனால்தான் உங்களைப் போன்ற ஒருவர் வந்ததும் பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்படியும் கறுப்பு ஏன் போகவில்லை? மாநில அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். சந்தை விலை மேலே போகிறது, காகித விலை கீழே வருகிறது, நடுவில் உள்ள பள்ளம் முழுக்கக் கறுப்பு. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். அது நல்ல காரியம்தான். ஆனாலும் 9 சதவீதம் என்பது அதிகம். உங்கள் மனைக்கே சந்தை விலை 80, காகித விலை 45. இந்த இடைவெளி இருக்கும்வரை புரோக்கர் அந்தப் பேச்சை எடுக்கத்தான் செய்வார்.

வங்கிகளைப் பற்றி ஒரு வரி, பழக்க தோஷம். 2018 மார்ச்சில் இந்திய வங்கிகளின் வாராக்கடன் மொத்தக் கடனில் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. திவால் சட்டம், அரசு கொட்டிய மூலதனம், 2020 ஏப்ரலில் பத்து வங்கிகளை நான்காக்கிய இணைப்பு எல்லாம் சேர்ந்து இப்போது மூன்றுக்கும் கீழே. இணைப்பில் கணக்கு எண், கிளைக் குறியீடு மாறியவர்கள் உண்டு. அப்பா காலத்துப் பாஸ்புக்கை வைத்திருந்தால் ஊர்க் கிளையில் ஒருமுறை விசாரியுங்கள்.

---

கணக்கு அக்கா:

காசாளர் அண்ணன் சொன்ன கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரிதான். நான் இங்கே கணக்காளராக வேலை பார்க்கிறேன். என்ஆர்ஐ, அதாவது வெளிநாடு வாழ் இந்தியர்களின் வரிக் கணக்குகளை ஊரில் ஒரு ஆடிட்டரோடு சேர்ந்து பார்க்கிறேன். வரி பக்கத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அண்ணனும் தங்கையும் வெவ்வேறு ஆட்கள்.

80 லட்சம் முழுவதும் வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 40. தங்கை இந்தியாவில் வசிப்பவர். வாங்குபவர் பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வரிதான் டிடிஎஸ். தங்கை பங்கில் அது 1 சதவீதம் பிடித்தால் போதும், 40,000 ரூபாய். உங்கள் பங்கில் 12.5 சதவீதமும் அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ்ஸும் பிடிக்க வேண்டும். ஆக 13 சதவீதம், 5 லட்சத்து 20 ஆயிரம். ஒரே வீடு, ஒரே பத்திரம். இதைக் கையெழுத்துப் போடும் நாளில் கேள்விப்பட்டால் அண்ணன் தங்கைக்குள் சண்டை வரும், அதனால் இப்போதே தங்கையிடம் சொல்லிவிடுங்கள்.

வாங்குபவர் உங்கள் வரியைப் பிடிக்க டான் எண் (வரி பிடித்தம் செய்பவருக்கான எண்) எடுக்க வேண்டும். தங்கைக்கு அது தேவையில்லை, பான் போதும். உள்ளூர்க் கடைக்காரர்கள் இதைக் கேட்டதும் "அதெல்லாம் எதுக்கு, உங்களுக்கும் ஒரு சதவீதமே பிடிக்கிறேன்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் வட்டியும் அபராதமும் அவருக்குத்தான் வரும், ஆனால் உங்கள் பணத்தை வெளியே அனுப்பும்போது 15சிபி கொடுக்கும் ஆடிட்டர் அங்கே நின்றுகொள்வார்.

உண்மையான வரி எவ்வளவு? அப்பா 2001 ஏப்ரலுக்கு முன்பே வாங்கியதால், 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள். ஆனால் அது 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. உதாரணத்துக்கு மொத்தம் 6 லட்சம் என்று வைத்தால் உங்கள் பங்குக்கு 3. ஆதாயம் 37 லட்சம், வரி 4 லட்சத்து 81 ஆயிரம்.

எல்லோரும் "குறைந்த பிடித்தம் சான்றிதழ் வாங்கு, படிவம் 13 போடு" என்று சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் விற்ற விலையில் பெரும்பகுதி ஆதாயம்தான் என்பதால், அதில் கிடைக்கும் மிச்சம் 39,000 ரூபாய். அதையும் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிவிடலாம். விண்ணப்பம் போட்டு வாரக்கணக்கில் காத்திருந்து, அதற்குள் வாங்குபவர் மனம் மாறினால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் விட்டுவிடுவேன். ஆதாயத்தை ஆறு மாதத்துக்குள் 54இசி என்ற வரிச் சலுகைக் கடன் பத்திரங்களில் போடுவதாக இருந்தால் கதை வேறு. ஒருவர் 50 லட்சம் வரை போடலாம், வரி விழாது. ஆனால் ஐந்து வருஷம் பணம் உள்ளே மாட்டிக்கொள்ளும். நீங்கள் இங்கே கடன் அடைக்க வேண்டும் என்கிறீர்கள், அதனால் அது உங்களுக்கு உதவாது. தங்கைக்கு உதவும். அவரிடம் சொல்லுங்கள், ரொக்கத்தின் மேல் உள்ள ஆசை பாதியாகக் குறையும்.

சிங்கப்பூரில் இந்த ஆதாயத்துக்கு வரி கிடையாது. இரு நாட்டு ஒப்பந்தப்படி நிலம் எங்கே இருக்கிறதோ அந்த நாடு வரி போடலாம்.

ஊருக்கு நேரில் போக முடியாவிட்டால் பவர் பத்திரம் தேவை. கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்குவது ஒரு வழி. இங்கே நோட்டரியிடம் போய், காகிதம் வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டிய அபோஸ்டில் சான்று பெறுவது இன்னொரு வழி, 2021 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் அந்த வசதி இருக்கிறது. எப்படிச் செய்தாலும், காகிதம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். நிறையப் பேர் இதை அலமாரியில் வைத்துவிட்டு நாலாவது மாதம் எடுப்பார்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும். அதை உங்கள் இருவர் பெயருக்கும் மாற்றிவிட்டுப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. நான் சொன்ன விகிதங்களும் விதிகளும் 2025–26 நிதியாண்டுக்கு. 2026 ஏப்ரல் 1லிருந்து புதிய வருமான வரிச் சட்டம். அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. அந்தத் தேதிக்குப் பிறகு விற்றால் ஆடிட்டர் சொல்லும் எண்ணும் நான் சொன்ன எண்ணும் பொருந்தாது, குழம்ப வேண்டாம்.

---

ஜூரோங் ராஜா:

அக்கா, உங்கள் பதிலைப் பார்த்ததும் என் வயிறு எரிகிறது. ஈசூன்காரருக்கு 39,000 ரூபாய்தான் வித்தியாசம். என் கதையைக் கேளுங்கள்.

2013இல் சென்னைக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில் 60 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்கினேன். கட்டியவர் பெயர் வேண்டாம். சொன்ன தேதிக்கு இரண்டு வருஷம் தள்ளித்தான் சாவி கொடுத்தார். நம்மிடம் வாங்கிய பணத்தை வேறு இடத்தில் நிலம் வாங்கப் போட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. வாங்குபவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று ரேரா சட்டம் 2016இல் வந்தது. எனக்குப் பயன்படவில்லை. இப்போது வாங்குகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

2025இல் அதை 75 லட்சத்துக்கு விற்றேன். 15 லட்சம் லாபம் என்று வரித் துறை சொல்கிறது. பன்னிரண்டு வருஷ விலைவாசியில் அது லாபமா? பழைய முறையில் பணவீக்கக் குறியீட்டைப் போட்டால் 60 லட்சம் 102 லட்சமாகும், வரியே வராது. 2024 ஜூலை 23லிருந்து அதை எடுத்துவிட்டார்கள். கூச்சல் எழுந்ததும், பழைய வீடு வைத்திருப்பவர்கள் எது குறைவோ அதைக் கட்டலாம் என்று திருத்தினார்கள். ஆனால் அது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் அதே விலைக்கு வாங்கி அதே விலைக்கு விற்றார். அவருக்கு வரி பூஜ்யம். எனக்கு 1 லட்சத்து 95 ஆயிரம். அதுவாவது போகட்டும். வாங்கியவர் முழு விலையிலும் பிடித்தார், 50 லட்சத்தைத் தாண்டியதால் வரியின்மேல் போடும் சர்சார்ஜும் சேர்த்து 14.3 சதவீதம். 10 லட்சத்து 72 ஆயிரம் உள்ளே போய்விட்டது. கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கும்வரை அது அரசாங்கத்திடம்தான் முடங்கிக் கிடக்கும்.

அதனால் ஈசூன்காரரே, படிவம் 13 வேண்டாம் என்பது உங்களுக்கு மட்டும். இதைப் படிக்கும் மற்றவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

கணக்கு அக்கா:

ராஜா சொல்வது நியாயம். உங்களுக்குப் படிவம் 13 கட்டாயம் போட்டிருக்க வேண்டும், வாங்கியவரின் ஆடிட்டராவது சொல்லியிருக்கலாம். குறியீட்டு விஷயத்தில் மட்டும் ஒன்று சேர்க்கிறேன். 2001க்கு முந்தைய சொத்தென்றால், 2025–26 ஆண்டுக் குறியீடு 376 என்பதை வைத்துப் பார்த்தால், 2001 மதிப்பைப்போல் சுமார் எட்டரை மடங்குக்கு மேல் விலை ஏறியிருந்தால் புதிய 12.5 சதவீதமே குறைவு. நான் உதாரணத்துக்கு வைத்த 6 லட்சப்படி ஈசூன் தம்பியின் மனை பதிமூன்று மடங்கு ஏறியிருக்கிறது. அதனால் அவருடைய தங்கைக்கு இரண்டு வழியும் திறந்திருந்தாலும் அவரும் 12.5ஐத்தான் எடுப்பார். அடிபட்டவர்கள் 2010க்குப் பிறகு அடுக்குமாடி வாங்கியவர்கள். இங்கிருந்து சம்பாதித்து அனுப்பிச் சென்னையிலும் கோவையிலும் வாங்கிப் போட்ட நம்மவர்கள்தான் அதில் நிறைய.

என்ஆர்ஐகளை ஏன் விட்டார்கள் என்பதற்கு எனக்கு ஏற்கும்படியான காரணம் இதுவரை கிடைக்கவில்லை.

---

புங்கோல் பறவை:

அபராதம் விற்பவருக்குன்னு எனக்குத் தெரியாது. சரி, உண்டியல் யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா போனில் பணம் அனுப்புற சிங்கப்பூர் பேநவையும் இந்தியா யுபிஐயையும் இணைச்சாங்களே, அதில் கொஞ்சம் கொஞ்சமா அனுப்ப முடியாதா?

---

பழைய காசாளர்:

2023 பிப்ரவரியில் அது தொடங்கியபோது ஒரு நாளைக்கு 60,000 ரூபாய்தான் வரம்பு. சின்னத் தொகைக்கு வைத்த வசதி அது. அம்மாவுக்கு மருந்துச் செலவு அனுப்ப அருமையானது. வீடு விற்ற பணத்துக்கு அந்தப் பாதை இல்லை. கணக்கில் இல்லாத ரொக்கத்தை எந்தப் பாதையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாலும் அது கணக்கில் வந்துவிடாது.

---

ஈசூன் வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி வாங்குபவரோடு பேசினேன். 3 லட்சத்து 15 ஆயிரம் கணக்கைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சிங்கப்பூர்க்காரர் பத்திரச் செலவெல்லாம் கரெக்டா வைத்திருக்கீங்களே" என்றார். 77க்கு இறங்கி வந்திருக்கிறார், முழுவதும் பத்திரத்தில். பாதிக்கு வங்கிக் கடன் போடுகிறாராம். மீதிக்கு அவர் என்ன செய்கிறார் என்பது அவர் பாடு.

தங்கைதான் இன்னும் முழுமனதாக இல்லை. மச்சான் ஒரு யோசனை சொல்கிறார்: என் பங்கு மட்டும் முழுக்க வெள்ளையாக இருக்கட்டும், அவர்கள் பங்கில் 15 லட்சத்தை மட்டும் ரொக்கமாக வாங்கிக்கொள்கிறோம், அது எங்கள் பிரச்சினை என்கிறார். இப்படிச் செய்ய முடியுமா? எனக்கு என்னவோ இடிக்கிறது, ஆனால் எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

---

கணக்கு அக்கா:

இடிப்பது சரியான இடத்தில்தான். ஒரே மனை, சரிபாதி உரிமை, ஒரே நாள், ஒரே வாங்குபவர். பத்திரத்தில் உங்கள் பாதி 38.5 லட்சம், தங்கையின் பாதி 23.5 லட்சம் என்று இருந்தால் படிக்கிற எவருக்கும் முதல் கேள்வியே "ஏன்" என்பதுதான். உங்கள் பாதியின் விலையே அவர்கள் மேல் சாட்சி. மச்சானிடம் அதைச் சொல்லுங்கள். கூடவே, தங்கையின் வரி 4 லட்சத்து 61 ஆயிரம் அளவில் வரும், 54இசி பத்திரத்தில் ஆதாயத்தைப் போட்டால் அதுவும் இல்லை என்று எழுதிக் காட்டுங்கள். ரொக்கம் வாங்கினால் அவர் மிச்சம் பிடிப்பது 15 லட்சத்துக்கு உரிய 1 லட்சத்து 95 ஆயிரம் மட்டுமே. அதற்காக 15 லட்சம் அபராத பயத்தோடு இருக்க வேண்டுமா என்று அவரே முடிவு செய்யட்டும்.

---

பழைய காசாளர்:

77 நல்ல விலைதான் தம்பி. ஒன்றே ஒன்று: கிரய ஒப்பந்தம் போடும்போது முன்பணம் தருவார். அந்த முன்பணத்திலிருந்தே உங்கள் பங்குக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டும். அதனால் அவர் டான் எண் வாங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் வாங்குங்கள். உங்கள் பங்கு நேராக உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு வரட்டும். "இப்போதைக்குத் தங்கச்சி கணக்கில் போடுகிறேன், அப்புறம் பிரித்துக்கொள்ளுங்கள்" என்பார், ஒத்துக்கொள்ள வேண்டாம். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் எழுத்தும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா?

---

ஈசூன் வாசி:

இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக வருகிறது. தாலுகா ஆபீஸில் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்கத் தங்கையை நாளைக்கே போகச் சொல்லியிருக்கிறேன்.